வர்ணனை டப்பா

ஓய்வு பெற்ற பிறகு எனக்கு வாய்த்த ஒரே பொழுதுபோக்கு என் மாப்பிள்ளைதான். மூன்றாம் வகுப்பு வாத்தியார், தற்காலிகம். வேலை நிரந்தரமானால்தான் தனிக்குடித்தனம் என்று மகள் சொல்லிவிட்டாள். அதுவரை என் முன்னறை, என் சாய்வு நாற்காலி, காலையில் நான் குளிக்கிற நேரம் எல்லாம் அவர் ஆட்சியில். ஆகவே அவர் நிரந்தரமாக வேண்டும் என்று அவரைவிட அதிகமாகத் தவித்தவன் நான்.

தலைமையாசிரியை வகுப்பில் உட்கார்ந்து பார்த்து முடிவு சொல்லும் நாள் வந்தது. பெற்றோரும் வரலாமாம். ஒருத்தரும் வராவிட்டால் மானம் போகுமே என்று, கூட்டம் காட்ட என்னை இழுத்துப்போனார். முழங்கால் மூக்கில் இடிக்கிற குட்டி பெஞ்சில் மடங்கி உட்கார்ந்தேன்.

பாடம், 'எனக்கு நடந்த ஒன்று'. பிள்ளைகள் தங்கள் அனுபவத்தைக் கண்முன் நிற்கிற மாதிரி எழுத வேண்டும். அதற்கு மாப்பிள்ளை ஒரு கண்டுபிடிப்பு வைத்திருந்தார். செருப்பு வாங்கிய டப்பா நிறையத் துண்டுச்சீட்டு, சீட்டுக்கு ஒரு வர்ணனை. கண்ணை மூடிக்கொண்டு ஒன்றை எடுத்து, வந்ததைக் கதையில் செருகியே தீரவேண்டும். சக்கரத்தைக் கண்டுபிடித்தவன்கூட அப்படி நெஞ்சு நிமிர்த்தி நின்றிருக்க மாட்டான்.

முதல் பையன் பல் பிடுங்கப் போனானாம். மருத்துவர் தென்றலாகத் தவழ்ந்து வந்தாராம். அடுத்தவன் சைக்கிளிலிருந்து விழுந்ததில் முழங்கால் நறுமணம் கமழ்ந்தது. இன்னொருத்தியின் தம்பி பொற்கதிர் வீசிக்கொண்டே பஸ்ஸில் வாந்தி எடுத்தான். மாப்பிள்ளை ஒவ்வொன்றுக்கும் அருமை, அருமை என்று உருகினார். தலைமையாசிரியை முகத்தில் ஈயாடவில்லை. நான் கைக்குட்டையில் பாதியைத் தின்றிருந்தேன்.

கடைசியாக எழுந்தது ரெட்டைப் பின்னல் போட்ட ஒரு வாலு. அவள் எழுதியது நாய் செத்துப்போன கதை. எடுத்த சீட்டு, 'தேனாய் இனித்தது'. பார்த்தாள், டப்பாவிலேயே திருப்பிப் போட்டாள்.

"போடக் கூடாதும்மா. அதைச் சேர்க்கணும்."

"அது இனிக்கல சார்."

வர்ணனை இல்லாவிட்டால் கண்முன் எப்படி வரும் என்று மாப்பிள்ளை விளக்க ஆரம்பிப்பதற்குள் அவள் படித்தே விட்டாள்: "எங்கள் நாய் வாசற்படியில் படுத்திருக்கும். நான் தாண்டித்தான் போவேன். இன்று அது இல்லை. நான் தாண்டினேன்."

தின்றதுபோக மிச்சமிருந்த கைக்குட்டையால் நான் கண்ணைத் துடைத்துக்கொண்டேன். மாப்பிள்ளை மட்டும் அதில் வர்ணனை எங்கே என்று தேடிக்கொண்டிருந்தார்.

தலைமையாசிரியை கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "எது பொருந்தாதுன்னு பிள்ளைங்களே கண்டுபிடிக்கணும்னுதான் இந்த டப்பாவா சார்?"

அப்படி ஒரு நோக்கம் இருப்பது அந்த நொடிதான் மாப்பிள்ளைக்கே தெரியவந்தது. "அதான் மேடம் இதோட அடிப்படையே," என்றார். மின்விசிறியே வெட்கப்பட்டு ஒரு சுற்று நின்றது.

பெற்றோர் தரப்பு என்ன நினைக்கிறது என்று அம்மையார் என் பக்கம் திரும்பினார். நாக்கு நுனியில் ஒரு லாரி பாரத்துக்கு வார்த்தைகள் காத்திருந்தன. அத்தனையையும் விழுங்கிவிட்டு, இப்படி ஒரு வாத்தியாரை ஏழு கண்டத்திலும் தேடினாலும் கிடைக்காது என்றேன். அது பொய்யும் இல்லை.

வேலை நிரந்தரம். மற்ற ஆசிரியர்களுக்கும் இனி இவர்தான் பயிற்சி கொடுப்பாராம். பாவம் அந்தப் பிள்ளைகள்.

வெளியே வந்ததும் மாப்பிள்ளை பெருமூச்சு விட்டார். "அந்தப் பொண்ணு மட்டும் கொஞ்சம் ஒத்துழைச்சிருந்தா இன்னும் நல்லா வந்திருக்கும், இல்ல மாமா?"

"எங்கயோ போயிருக்கும் மாப்பிள்ளை," என்றேன். "வாங்க, அப்படியே ரெண்டு வீடு பார்த்துட்டுப் போயிடலாம்."