விளிம்பில் வெட்டிய பெயர்

உலகம்மாளின் ஓரகத்தி, கொழுந்தன் மனைவி வடிவுக்குப் பிறந்த வீட்டிலிருந்து ஆடிச் சீராக நிலவின் மறுபக்கத்துப் பள்ளம் ஒன்று வந்திருந்தது. விண்கல் விழுந்து உண்டானது. அறுபது கிலோமீட்டர் அகலம். நடுவில் சின்னதாக ஒரு மலையும் உண்டு. பின்கட்டு வழியாகப் போனால் வந்துவிடும்.

பூமியிலிருந்து பார்த்தால் அது தெரியவே தெரியாது. ஆனாலும் மூத்த மருமகள் உலகம்மாளுக்கு வயிறு எரிந்தது. அவளுக்கு வந்த சீர் ஒரே ஒரு இட்லிக் கொப்பரை. மூடி சேராது. விளிம்பில் அதைக் கொடுத்த சித்தியின் பெயர் வேறு வெட்டியிருந்தது, இனிஷியலோடு.

பள்ளத்தின் விளிம்பிலோ யார் பெயரும் இல்லை. வடிவின் அண்ணன் வெட்ட மறந்துவிட்டான். உலகம்மாள் இதை முதல் நாளே கவனித்துவிட்டாள். பெயரில்லாத பொருளில் தன் பெயரை வெட்டிவிட்டால் அது தன்னுடையதுதானே?

வடிவு கோயிலுக்குக் கிளம்பியதும், பாத்திரக்கடையில் பெயர் வெட்டுகிற பிச்சாண்டியைக் கையோடு கூட்டிப் போனாள். பின்கட்டு அன்று கொஞ்சம் நீளமாக இருந்தது. வழியில் இரண்டு முறை உட்கார்ந்து எழுந்தார்கள்.

“என்ன பேரும்மா?”

“உலகம்மாள். இனிஷியலோட.”

“எம்புட்டுப் பெரிசா?”

“சுத்தி வரணும்.”

“இங்க யாரு பாக்கப் போறா?”

“அவ பாப்பால்லா. வெட்டுங்க.”

வெட்டி முடிக்கப் பதினோரு வருஷம் ஆயிற்று. பிச்சாண்டிக்குக் கண்ணாடி போட வேண்டி வந்தது. வீடு திரும்பியபோது, அடுப்பில் வைத்துவிட்டுப் போன உலை இன்னும் கொதிக்கவில்லை.

ஞாயிற்றுக்கிழமை சொந்தக்காரர்கள் சீர் பார்க்க வந்தார்கள். விளிம்பைச் சுற்றி நடந்து எழுத்துக்கூட்டிப் படித்தார்கள். படித்து முடித்ததும் வடிவு ஓடிவந்து உலகம்மாளின் கையைப் பிடித்துக்கொண்டாள். கண் கலங்கியிருந்தது.

“யக்கா, நீங்களா குடுத்திய? எங்கண்ணன் குடுத்ததுன்னுல்லா நெனச்சிட்டு இருந்தேன்.”

“இல்லட்டி, அது என்னோட...”

“எழுத்துல இருக்கே” என்றான் வடிவின் அண்ணன். அவன் முகம் சுருங்கிவிட்டது. “நான் லாரி பிடிச்சுக் கொண்டாந்த மாதிரி ஞாபகம். ஆனா எழுத்துல இருக்கே.”

பாத்திரத்தில் இருப்பது கொடுத்தவர் பெயர்தானே. யாரும் வேறு மாதிரி யோசிக்கவில்லை. மூத்தவளுக்குப் பெரிய மனசு என்று மாமியார் முதல்முறையாகச் சொன்னார். உலகம்மாளுக்கு அழுகை வந்தது. சந்தோஷத்தில் அழுகிறாள் என்றார்கள்.

மறுநாள் காலை வடிவு பதில் சீர் கொண்டுவந்தாள். ஒரு மூடி. அதில் ‘வடிவு’ என்று முத்து முத்தாக வெட்டியிருந்தது. சேரக் கூடாது, சேரக் கூடாது என்று வேண்டிக்கொண்டே உலகம்மாள் அதைக் கொப்பரைமேல் வைத்தாள். கச்சிதமாகச் சேர்ந்தது.

“இட்லி வேகட்டும்க்கா” என்றாள் வடிவு. “எடுத்துட்டு எம் பள்ளத்துக்கு ஒரு நட வாங்க. நீங்க இன்னும் சரியாச் சுத்திக்கூடப் பாக்கலியே.”