ஏற மறுத்த கண்ணாடி

என் மகன் சுஃபியானுக்கு நிக்காஹ். மாப்பிள்ளைக்கு வெள்ளை ஷேர்வானி. வீடு எண்ணூரில், மண்டபம் ராயபுரத்தில், நடுவில் ரோடு முழுக்க நிலக்கரி லாரி. அன்று காலை பார்த்து, அவன் உட்காரவேண்டிய பக்கத்துக் கார்க் கண்ணாடி கீழே இறங்கிக் கிடந்தது. எத்தனை அமுக்கியும் மேலே வரவில்லை.

பூ வாங்கத் திருவொற்றியூர்வரை அப்படியே போய்வந்தேன். வந்து சீட்டைக் கூட்டினால் ஒரு வாரம் அடுப்பெரிக்கக் கரி தேறியது. ஒரு நண்டும் இருந்தது. எங்கே ஏறினாய் என்று நான் கேட்கவில்லை. கல்யாணத்துக்கு வந்தவரை அப்படிக் கேட்பது முறையில்லை.

"வாப்பா, இதுல வந்தா நான் மாப்ள இல்ல, கரி மூட்டை," என்றான் சுஃபியான்.

தெருமுனையில் வண்டிகளுக்கு எலெக்ட்ரிக் வேலை பார்க்கும் சுயம்புவுக்குச் சொல்லி அனுப்பினேன். அவருக்கு முன்னால் என் மனைவியின் தம்பி பஷீர் வந்துவிட்டான். காசிமேட்டில் விசைப்படகு இன்ஜின் பார்க்கிறவன்.

"மோட்டார் பூட்ச்சி மச்சான்."

"பஷீரு, நீ ஓரமா நில்லு."

"இல்லாங்காட்டி பியூஸு."

"ஓரமா."

சுயம்பு வந்தார். சுவிட்சை நெம்பி, ஒயரோடு வெளியே இழுத்தார். டெஸ்ட் லைட்டின் ஒரு முனையை வண்டி இரும்பில் மாட்டி, மறுமுனையால் சுவிட்சுக்கு வரும் ஒயரைத் தொட்டார். எரிந்தது.

"கரண்டு வருது பாய். எறக்குற பக்கம் அமுக்குங்க."

அமுக்கினேன். மோட்டாருக்குப் போகிற ஒயரிலும் எரிந்தது.

"இப்ப ஏத்துங்க."

ஏற்றும் பக்கம் அமுக்கினேன், அதற்கான ஒயரைத் தொட்டார். எரியவில்லை.

"நான் சொல்லல? மோட்டாரு," என்றான் பஷீர்.

"மோட்டாருக்குக் கரண்டே போவல நைனா. சுவிட்சு உள்ள இன்னாமோ கீது."

சுவிட்சைப் பிளந்தார். உள்ளே அல்வா பதத்தில், கரித்தூளோடு குழைந்த ஒரு கறுப்பு. முகர்ந்து பார்த்தார்.

"படகுக்கு வைக்கிற கிரீஸு பாய் இது. ஏத்துற பக்கத்துக் கரண்ட இதான் மறிக்குது. எவன் இதுக்குள்ள அப்பினான்?"

பஷீர் திடீரென்று கரண்டு கம்பத்தை ஆராய ஆரம்பித்தான்.

"பஷீரு."

"உப்புக் காத்து மச்சான். போட்ல எல்லாத்துக்கும் வைப்போம், துரு புடிக்காது. கல்யாண வண்டியாச்சேன்னு விடிகாலைல வச்சேன். வேல செய்யுதான்னு எறக்கிப் பாத்தேன், எறங்குச்சி. வூட்டுக்குப் பூட்டேன்."

"ஏறுதான்னு பாத்தியா?"

"அதான் எறங்குச்சே."

எனக்குக் கோபம் வந்தால் துறைமுகத்தில் கப்பல்கள் ஒதுங்கி நிற்கும். அன்று ஒன்று திரும்பிக் கொழும்புக்கே போய்விட்டதாகக் கேள்வி.

துடைக்கிற வேலையைச் சுயம்பு பஷீரிடமே கொடுத்தார். பெட்ரோல் துணியால் அரை மனதோடு துடைத்தான். சுயம்பு மறுபடி தொட்டுப் பார்த்தார், விளக்கு எரிந்தது. மாட்டி அமுக்கியதும் கண்ணாடி ஏறியது. இனி அந்தச் சுவிட்சைத் தொடுபவனுக்குப் பிரியாணி கிடையாது என்று அறிவித்துவிட்டு வண்டியை எடுத்தேன்.

ராயபுரம் மண்டப வாசலில் சுஃபியான் இறங்கினான். ஒரு பொட்டுக் கரி இல்லை. பைக்கில் முன்னாலேயே வந்திருந்த பஷீர், கண் கலங்கி ஓடிவந்து, மருமகனை இரண்டு கையாலும் இறுகத் தழுவிக்கொண்டான். கையை எடுத்தபோது ஷேர்வானி முதுகில் கறுப்பாகப் பத்து விரலும் இருந்தன.

பெரம்பூர்ச் சம்பந்தி கலீலுல்லா முதுகைச் சுற்றிவந்து பார்த்தார்.

"இன்னா பாய் இது?"

"எங்க கடலோர வழக்கம் சம்பந்தி. தாய்மாமன் கை வச்சாத்தான் மாப்ள."

மரியாதையாகத் தலையாட்டிவிட்டுப் போனார். கொஞ்ச நேரத்தில் பெண்ணின் தாய்மாமன் என்னைத் தனியாகக் கூப்பிட்டு, அந்த கிரீஸ் பக்கத்தில் எங்கே கிடைக்கும் என்று கேட்டார்.