தங்கம் அடிவரை போன கதை

வெள்ளவத்தையில், மூன்றாம் மாடி வீட்டுச் சாப்பாட்டு மேசையில் இருந்துகொண்டு சாம்பவி தங்கம் தூவிக்கொண்டிருந்தாள். கணினிக்குள்தான். மடிக்கிற திரைகளுக்கான சேதனக் குறைகடத்தி, அதாவது கரிமப் பொருளாலான மெல்லிய படலம் ஒன்றின்மேல் ஆவியாக்கிய தங்க அணுக்கள் வந்து விழுந்தால், அவை மேலேயே நிற்குமா, உள்ளே இறங்கிப் படலத்தைக் கெடுக்குமா? இரண்டு வருடமாக அவள் மண்டையைக் குடைந்த கேள்வி அது.

விடை கிடைத்துவிட்டது. நூறில் பன்னிரண்டு அணுக்கள் படலத்தின் அடிவரை போயிருந்தன. அவளுடைய மேற்பார்வையாளர் கலாநிதி பாலசுந்தரம் ஒன்பது வருடத்துக்கு முன் எழுதிய கட்டுரையிலும் ஏறக்குறைய அதே கணக்கு. மனிதருக்கு உச்சி குளிர்ந்துவிட்டது. வெள்ளிக்கிழமை வாய்மொழித் தேர்வு, பிறகு பட்டம். அம்மா கனடாவரைக்கும் சொல்லி முடித்துவிட்டாள்.

திங்கட்கிழமை, தேர்வில் காட்ட ஒரு அசைபடம் இருந்தால் அழகாக இருக்குமே என்று ஒரேயொரு அணுவைச் சிவப்பாக்கி ஓட்டிப் பார்த்தாள். சும்மா இருந்திருக்கலாம். அணு கீழே வந்தது, படலத்தில் பட்டது, தெறித்தது, கணினி படலத்தைச் சுற்றிப் போட்டிருந்த பெட்டியின் கூரையால் வெளியே போனது. அடுத்த கணம் தரையால் உள்ளே வந்து, படலத்தின் அடியில் நல்ல பிள்ளையாக ஒட்டிக்கொண்டது. அடியில் இருந்த மற்ற அணுக்களும் வந்த வழி அதுதான்.

இடப்பக்கத்தால் போகிற அணு வலப்பக்கத்தால் திரும்பி வரலாம். சின்னத் துண்டைப் பெரிய படலமாகக் காட்ட எல்லோரும் செய்கிற வேலை அது. ஆனால் மேலால் போன அணு கீழால் திரும்பி வரக்கூடாது; மேல்வாசலையும் கீழ்வாசலையும் பூட்டிவிட வேண்டும். பூட்டியிருக்கவில்லை. கட்டளைக் கோப்பு பாலசுந்தரம் சேர் தந்தது. சேர் தந்ததில் சரிபிழை பார்ப்பது மரியாதையில்லை என்று இவள் வெப்பநிலையை மட்டும் மாற்றி மாற்றி ஓட்டியிருந்தாள். வாசல்களைப் பூட்டி மறுபடி ஓட்டினாள். புதன்கிழமை காலை முடிவு வந்தது. அடிவரை போன அணுக்கள்: பூச்சியம்.

முதலில் அழுகை வந்தது, பிறகு பயம் வந்தது. ஓட்டோ பிடித்துக் கிருலப்பனையில் சேர் வீட்டுக்குப் போய், சிவப்பு அணுவை மூன்று தரம் ஓட்டிக் காட்டினாள். நான்காம் தரம் அவரே ஓட்டிப் பார்த்தார்.

"என்ர கட்டுரைக்கும் இதே கோப்புத்தான்," என்றார்.

அது அவளுக்கு முன்பே தெரியும்.

"வெள்ளிக்கிழமை வாற பரீட்சகர் இதைக் கண்டுபிடிக்கமாட்டார், பிள்ளை. அந்தக் கட்டுரையோட என்னைப் பாஸ் பண்ணினவரும் அவர்தான்."

ஒரு தலையாட்டலோடு எல்லாம் முடிந்துவிடும். பட்டம் கிடைக்கும், அம்மாவின் மானம் தப்பும். ஓம் என்ற சொல் வாய்வரை வந்தது.

"நான் கண்டுபிடிச்சிட்டனே, சேர்," என்றாள்.

பாலசுந்தரம் எழுந்து உள்ளே போனார். திரும்பி வரும்போது முகம் கழுவியிருந்தார். பல்கலைக்கழக வளாகத்துக்குத் தொலைபேசி எடுத்துத் தேர்வை நிறுத்தச் சொன்னார். அடுத்த தவணைக்கு ஆறு மாதமாம். பிறகு, தன் கட்டுரையை வெளியிட்ட சஞ்சிகைக்கு, அந்த முடிவு பிழை, தங்கம் உள்ளே இறங்கவில்லை என்று ஒரு திருத்தம் எழுதினார். கடைசியில் தன் பெயரைத் தட்டிவிட்டு, நிமிராமலே கேட்டார்.

"உம்மட பேரையும் போடட்டோ?"

சாம்பவியின் பெயர் இதுவரை எந்தச் சஞ்சிகையிலும் வந்ததில்லை. முதன்முதலாக வரப்போவது, தன் ஆசிரியர் ஒன்பது வருடமாகப் பிழை என்கிற அறிவித்தலில். வெட்கமாகவும் இருந்தது, சந்தோசமாகவும் இருந்தது.

"போடுங்கோ, சேர்."

அவர் அதைத் தன் பெயருக்கு மேலே போட்டார்.