கோதுமைக் கதிர் போட்ட பிஸ்கட்

கோதுமையை விட்டுவிடச் சொல்லி டாக்டர் சொன்னார் என்று நம் ஊரில் யாரிடமாவது சொல்லிப் பாருங்கள். உங்களை ஏற இறங்கப் பார்ப்பார்கள். இங்கே டாக்டர்கள் சோற்றை விடு, கோதுமைக்கு மாறு என்றுதான் சொல்வார்கள். கடலூர் முதுநகரில் ஜெயராணி குடியிருந்த தெருவில் வீட்டுக்கு ஒரு சர்க்கரை வியாதிக்காரராவது உண்டு. பொழுது சாய்ந்துவிட்டால் வாசலுக்கு வாசல் சப்பாத்தி வாசனைதான். அப்பேர்ப்பட்ட தெருவில் நின்றுகொண்டு, எனக்குக் கோதுமை ஆகாது, ஒரு துளி உள்ளே போனாலும் குடல் புண்ணாகிவிடும் என்று ஒருத்தி சொன்னால் அது யார் காதில் ஏறும்?

ஜெயராணிக்கு நாற்பத்து நான்கு வயது. கல்யாணம் ஆகவில்லை. சிதம்பரத்தில் ஒரு தனியார் கல்லூரி ஆபீஸில் கிளார்க். அப்பாவும் அம்மாவும் போய்ச் சேர்ந்தபின், தம்பி ராபர்ட்டும் சரக்குக் கப்பலில் வேலை கிடைத்துக் கிளம்பிவிட, வீட்டில் அவள் மட்டும்தான். சாப்பிடச் சாப்பிட உடம்பு இளைத்துக்கொண்டே போனது. 2008இல் புதுச்சேரி ஆஸ்பத்திரி ஒன்றில் வாய்வழியாகக் குழாய் விட்டுப் பார்த்தார்கள். கோதுமை, மைதா, ரவை மூன்றும் ஆயுசுக்கும் கூடாது என்று சொன்னார்கள். அன்று அவளுக்குச் சந்தோஷம்தான், காரணமாவது தெரிந்ததே என்று. பரோட்டாவை விட்டாள். பிரெட்டை விட்டாள். ஆபீஸில் பதினொரு மணி டீயோடு வரும் சமோசாவை விட்டாள். கோதுமை ஓடிய கல்லில் அரைத்த அரிசி மாவும் ஆகாது என்பதால் மாவு மில்லுக்குப் போவதைக்கூட விட்டாள். வயிற்று வலி இல்லாமல் தூங்குகிற சுகத்துக்கு இதெல்லாம் பெரிய விலை இல்லை.

விட்டதில் வலித்தது ஒன்றே ஒன்றுதான். மாதா கோயிலில் பூசையின்போது ஆண்டவரின் உடல் என்று கொடுக்கும் நற்கருணை அப்பமும் கோதுமைதான். காகிதக் கனம்கூட இல்லாத வெள்ளை வட்டம், ஆனாலும் கோதுமை. பங்குச் சாமியாரிடம் போய்ச் சொன்னாள். நல்ல மனிதர், பொறுமையாகக் கேட்டுக்கொண்டார்.

“அப்பம் கோதுமையிலதாம்மா இருக்கணும், அத நான் மாத்த முடியாது. ஒக்காந்த எடத்துலயே மனசால வாங்கிக்க. ஆண்டவருக்குத் தெரியும்” என்றார்.

ஆண்டவருக்குத் தெரியும், சரி. தெருவுக்குத் தெரிய வேண்டாமா?

ஞாயிற்றுக்கிழமை தவறாமல் அது நடந்தது. பெஞ்சு பெஞ்சாக எல்லாரும் எழுந்து வரிசையில் போவார்கள். ஜெயராணி முழங்காலை ஒதுக்கி மற்றவர்களுக்கு வழி விட்டுவிட்டு உட்கார்ந்திருப்பாள். வாங்கிக்கொண்டு திரும்புகிறவர்கள் கைகூப்பியபடி வந்தாலும் கண் மட்டும் அவள் பக்கம் ஒரு தரம் போய்விட்டு வரும். நற்கருணை வாங்காதவள் என்றால் பாவசங்கீர்த்தனத்தில் சாமியாரிடம்கூடச் சொல்ல முடியாத பாவம் எதையோ வைத்திருக்கிறாள் என்று அர்த்தம். கல்யாணம் ஆகாதவள், காலையில் சிதம்பரம் போய் இருட்டியபின் வருகிறவள். பாவம் என்ன பாவம் என்று தெருவே பூர்த்தி செய்துகொண்டது. அந்த வேலையில் நம் தெருக்களுக்குச் சோம்பலே கிடையாது.

தெரு பேசியதை ஜெயராணி பொறுத்துக்கொண்டாள். சவரியம்மாளைத்தான் பொறுக்க முடியவில்லை. பக்கத்து வீடு. எட்டு வயது மூத்தவள். இருபது வருஷமாக நடுச்சுவர் வழியாகக் குழம்பும் ரசமும் கைமாறிய உறவு. ஜெயராணியின் அம்மா இறந்தபோது பதினோரு ராத்திரி அவள் பக்கத்தில் வந்து படுத்துக்கொண்டவள். அவள் ஒருநாள் சுவரோரமாக வந்து நேராகவே கேட்டாள்.

“ஜெயா, ஊரு ஆயிரம் பேசும். எங்கிட்ட சொல்லு. எதுவா இருந்தாலும் மூச்சு வுட மாட்டேன்.”

“சொல்றதுக்கு ஒண்ணும் இல்லக்கா. கோதும எனக்கு ஆவாது. அந்த அப்பமும் கோதுமதான்.”

“ஆண்டவரோட ஒடம்பு எப்புடிடி ஆவாமப் போவும்?”

ஜெயராணி ஆஸ்பத்திரிச் சீட்டை எடுத்து வந்து காட்டினாள். இங்கிலீஷில் இருந்தது. சவரியம்மாள் அதை வாங்கிப் பார்த்துவிட்டு மடித்துத் திருப்பிக் கொடுத்தாள். பாவம் செய்திருந்தால்கூட மன்னித்திருப்பாள். இத்தனை வருஷம் பழகிய தன்னிடமே கோதுமைக் கதை சொல்லுகிறாளே என்பதுதான் அவளுக்கு ஆறவில்லை. சண்டை எதுவும் இல்லை. சுவர் வழியாகக் கிண்ணம் வருவது மட்டும் நின்றுபோனது. இரண்டு வருஷம் ஓடிவிட்டது. சவரியம்மாள் ஒரு தரம், ஒரே ஒரு தரம், நம்புறேன் ஜெயா என்று சொல்லிவிட்டால் போதும் என்று ஜெயராணி ஏங்கினாள். அதைவிடப் பெரிதாக அவள் எதற்கும் ஜெபிக்கவில்லை.

2010 அக்டோபரில் ராபர்ட் ஒரு பார்சல் அனுப்பினான். பிரித்தால் பூரிக்கட்டை. போலந்தில் கப்பல் நின்றபோது வாங்கினானாம். கட்டை முழுக்கப் புறாவும் கோதுமைக் கதிரும் குழிவாகச் செதுக்கியிருந்தது. மாவின் மேல் உருட்டினால் அச்சு விழுமாம். கோதுமையைத் தொடக்கூடாத அக்காவுக்கு, கோதுமைக் கதிர் போட்ட பூரிக்கட்டை. ஃபோனில் அவனுக்கு மூன்று முறை வியாதியைச் சொல்லியிருந்தாள். மூன்று முறையும் சரிக்கா சரிக்கா என்றிருந்தான். அன்று இரவு அவள் சாப்பிடவில்லை. கட்டையைத் தூக்கிப் பரண்மேல் போட்டாள்.

ஆபீஸில் கம்ப்யூட்டர் பார்க்கும் ஞானசேகரன் இதைக் கேட்டுவிட்டுச் சிரித்தான். “அரிசி மாவுலயும் பிஸ்கட் சுடலாம் மேடம். ஷார்ட்பிரெட்டுன்னு வெள்ளைக்காரன் வெண்ண பிஸ்கட் ஒண்ணு இருக்கு” என்று நெட்டில் தேடி இரண்டு பக்கம் அச்செடுத்துக் கொடுத்தான். வெண்ணெய், சர்க்கரை, மாவு, அவ்வளவுதான். கோதுமை இல்லாத மாவுக்குப் பிடிப்பு இல்லை, அதற்கு, மலச்சிக்கலுக்குக் குடிக்கிற இசப்கோல் சேர்க்க வேண்டும் என்று போட்டிருந்தது. சிதம்பரம் கீழவீதி மெடிக்கலில் அதைக் கேட்டாள். கடைக்காரர் குரலைத் தாழ்த்தி, “எத்தன நாளா போவலம்மா?” என்று விசாரித்தார்.

பரணிலிருந்து கட்டை இறங்கியது, நவம்பர் முழுக்க ஞாயிறு மத்தியானங்கள் அதிலேயே போயின. பச்சரிசியை ஊறவைத்து உலர்த்தி மிக்ஸியில் அரைத்து இரண்டு தரம் சலித்தாள். முதல் தடவை பிஸ்கட் கையில் எடுத்ததும் பொடியானது. இரண்டாம் தடவை அச்சு விழுந்தது, அடுப்பில் உருகிப் பரந்து புறா கோழியாகிவிட்டது. பிறகுதான் சூட்சுமம் பிடிபட்டது. முதலில் சாதாக் கட்டையால் தேய்க்க வேண்டும். அச்சுக் கட்டையின் குழிகளில் அரிசி மாவு தடவி ஒரே அழுத்தில் உருட்ட வேண்டும், திரும்ப உருட்டினால் போச்சு. வெட்டியதை ஃப்ரிட்ஜில் கல்லு மாதிரி இறுகவிட்டுத்தான் கரண்டு ஓவனில் வைக்க வேண்டும். இவ்வளவையும் கரண்டு இருக்கும் நேரத்துக்குள் முடிக்க வேண்டும்.

கிறிஸ்துமஸுக்கு முந்தின நாள் கரண்டு போகவே இல்லை. நாற்பது பிஸ்கட். ஒவ்வொன்றிலும் புறாவின் அலகுகூடத் தெரிந்தது, கதிரில் மணிகளை எண்ணலாம். ஜெயராணி அவற்றைப் பார்த்துக்கொண்டே நின்றாள். அவளுக்கு அழுகை வந்தது. கோதுமை தொடாமல் சுட்ட இதைச் சவரியம்மாள் அக்கா பார்த்தால் போதும், நம்பிவிடுவாள் என்று நினைத்தாள்.

கிறிஸ்துமஸ் காலையில் எவர்சில்வர் தட்டில் அடுக்கி, பூத்துணி போட்டு மூடி எடுத்துக்கொண்டு போனாள். சவரியம்மாள் வாசலிலேயே வாங்கிக்கொண்டாள். துணியை விலக்கி ஒன்றை எடுத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள்.

“கடையில வாங்குனியா?”

“நானே சுட்டதுக்கா. அரிசி மாவு.”

சவரியம்மாளின் முகத்தில் வந்த சிரிப்பு அங்கேயே நின்றது. “மைதா இல்லாம அச்சு இப்புடி நிக்குமா, ஜெயா? நான் மாவுல கைய வெச்சு முப்பது வருஷம் ஆவுது.” பிஸ்கட்டைத் தட்டில் வைத்தாள். “கோதும ஆவாதுன்னுட்டு அதும்மேலயே கோதுமக் கதிரையும் போட்டிருக்க.”

சத்தம் போடவில்லை. பண்டிகை நாள் என்று தட்டை மட்டும் உள்ளே எடுத்துக்கொண்டு போனாள். ஜெயராணி வீட்டுக்கு வந்து கதவைச் சாத்திக்கொண்டாள். இரண்டு மாதம் பாடுபட்டுத் தான் சொல்லாத பொய்க்குத் தானே சாட்சி சுட்டிருக்கிறாள் என்பது அப்போதுதான் அவளுக்குப் புரிந்தது. கொஞ்சம் மோசமாகச் சுட்டிருந்தால் தேவலை. அன்று பகல் சோறு வடித்து, கறிக் குழம்பு வைத்து, தனியாக உட்கார்ந்து சாப்பிட்டாள். பக்கத்து வீட்டில் பேச்சும் சிரிப்பும் கேட்டுக்கொண்டிருந்தன.

புது வருஷம் சனிக்கிழமையில் பிறந்தது. திங்கட்கிழமை ஆபீஸ் டீக்கு பிஸ்கட் கொண்டுவரச் சொல்லி ஞானசேகரன் கேட்டிருந்தான். மனம் ஒப்பவில்லை என்றாலும் சனிக்கிழமை மத்தியானமே மாவைக் கலந்தாள். வெண்ணெயைச் சேர்த்துப் பிசையும்போது கரண்டு போனது. ஃப்ரிட்ஜ் அடங்கியது, மின்விசிறி நின்றது. அடுப்படிப் புழுக்கத்தில் வெண்ணெய் இளகி மாவு பாத்திரத்தோடு ஒட்டிக்கொண்டது. தேய்த்தால் பிளந்தது. எடுத்தால் விழுந்தது. அந்த நேரத்தில்தான் சவரியம்மாள் தட்டைத் திருப்பிக் கொடுக்க வந்தாள்.

தட்டு காலியாக இருந்தது. பலகாரம் வந்த தட்டை அந்தத் தெருவில் யாரும் வெறுமனே திருப்பமாட்டார்கள். வீட்டில் ஒன்றுமே இல்லாவிட்டாலும் ஒரு பிடி சர்க்கரை போட்டுத்தான் கொடுப்பார்கள். கழுவித் துடைத்து வந்திருந்த அந்தத் தட்டைப் பார்த்ததும் ஜெயராணிக்கு எல்லாம் முடிந்துவிட்டது என்று தோன்றியது. கையெல்லாம் மாவு. கண்ணைத் துடைக்கக்கூட முடியவில்லை.

தட்டை மேடைமேல் வைத்துவிட்டுத் திரும்பிய சவரியம்மாளின் கண் பாத்திரத்தில் விழுந்தது. கோபம் வேறு, கெட்டுப்போகிற மாவைப் பார்த்துக்கொண்டு சும்மா நிற்பது வேறு. இரண்டாவது அவளால் முடியாது.

“என்னா பெசையற நீ. தள்ளு.”

புடவையை இழுத்துச் செருகிக்கொண்டு கையை விட்டாள். வீட்டுக்காரர் தங்கராசுவுக்குத் தினமும் ராத்திரி ஆறு சப்பாத்தி போடுகிற கை. உள்ளங்கையால் அழுத்தி, மடித்து, மறுபடி அழுத்தினாள். பிசையப் பிசைய மாவு கூடும் என்பது அந்தக் கைக்குத் தெரிந்த கணக்கு. இது பிசையப் பிசையப் பிரிந்தது. ஒரு கை தண்ணீர் தெளித்தாள். கஞ்சி மாதிரி ஆனது. ஒரு உருண்டையைக் கிள்ளி இரண்டு விரலால் இழுத்துப் பார்த்தாள். நீளாமல் பட்டென்று அறுந்தது. இன்னொன்றைக் கிள்ளி இழுத்தாள். அதுவும் அறுந்தது.

“இழுவையே இல்லியே” என்றாள் சவரியம்மாள், தனக்குள்ளே சொல்வதுபோல.

பிறகு ஜெயராணியைத் திரும்பிப் பார்த்தாள்.

“அன்னைக்கிக் குடுத்ததும் இதே மாவா?”

“இதேதாங்கா. அன்னைக்கி கரண்டு இருந்துச்சி.”

சவரியம்மாள் கையைப் பாத்திரத்திலிருந்து எடுத்தாள். பிறகு குழாயடியில் கையைக் கழுவினாள். மாவு வழிந்து ஓடியபின்னும் கழுவிக்கொண்டே இருந்தாள். கொண்டுவந்து வைத்த காலித் தட்டை மறுபடி எடுத்துக்கொண்டு வெளியே போய்விட்டாள்.

தட்டை ஏன் எடுத்துப் போனாள் என்று ஜெயராணிக்கு விளங்கவில்லை. நம்பினாளா, இல்லை இன்னும் கோபமா? சாயங்காலம் வரை சுவர்ப் பக்கமே காதை வைத்துக்கொண்டிருந்தாள். யாரும் கூப்பிடவில்லை. பாத்திரத்தில் இருந்ததைக் கொட்டிவிட்டுப் படுத்தாள்.

மறுநாள் ஞாயிறு காலைப் பூசைக்கு வழக்கம்போலப் போய், வழக்கமான பெஞ்சில் ஓரமாக உட்கார்ந்தாள். சவரியம்மாள் எப்போதும் மூன்று பெஞ்சு முன்னால் தங்கராசுவோடு உட்காருகிறவள். அன்று நேராக வந்து ஜெயராணியை உள்ளே நகரச் சொல்லிப் பக்கத்தில் உட்கார்ந்தாள். முகத்தைப் பார்க்கவில்லை. ஜெபமாலையை விரலில் சுற்றிக்கொண்டு பீடத்தையே பார்த்தாள்.

நற்கருணை நேரம் வந்தது. பெஞ்சு பெஞ்சாக எழுந்தார்கள். ஜெயராணி வழக்கப்படி முழங்காலை ஒதுக்கினாள். சவரியம்மாள் எழவில்லை.

“போக்கா” என்றாள் ஜெயராணி மெல்ல.

“போவல.”

“அக்கா, பாக்கறாங்க.”

“பாக்கட்டும். அடுத்த வாரம் போறேன்.”

வரிசை போனது, திரும்பி வந்தது. கைகூப்பி வந்த ஒவ்வொருவருடைய கண்ணும் ஒரு தரம் அந்தப் பெஞ்சுக்கு வந்துவிட்டுப் போனது. பாட்டுக் குழுவில் இருந்த புஷ்பம் பாட்டையே ஒரு அடி விட்டுவிட்டாள். தங்கராசு தாண்டிப் போகும்போது நின்று மனைவியைப் பார்த்தார். அவள் தலையை ஆட்டி அவரைப் போகச் சொன்னாள். அத்தனை கண்ணையும் வாங்கிக்கொண்டு உட்கார்ந்திருந்தவளின் காது மடல் சிவந்துவிட்டது.

“ரெண்டு வருஷமா இப்புடியா ஒக்காந்திருந்த?” என்று கேட்டாள்.

“ஆமாக்கா.”

“நானும் இவுங்க மாதிரியே ஒன்னப் பாத்துட்டுப் போனனா?”

ஜெயராணி பொய் சொல்ல நினைத்தாள். வரவில்லை. “நீ பாக்கவே மாட்டக்கா” என்றாள். “தலையக் குனிஞ்சிக்கிட்டுப் போயிடுவ.”

சவரியம்மாள் ஜெயராணியின் கையைப் பிடித்துத் தன் மடியில் வைத்துக்கொண்டாள். பாட்டு முடிந்து எல்லாரும் முழந்தாளிட்ட பிறகும் அந்தக் கையை விடவில்லை.