சுவருக்கு அந்தப் பக்கம்

ஊன ஓய்வூதியத்துக்கு முன்னாள் பீரங்கிப் படைக்காரரின் முழங்கால் வலியை மட்டும் அரசாங்கம் ஒப்புக்கொண்டது. காது மந்தமானது வயதின் கோளாறாம். தூக்கத்தில் அலறுகிறார் என்பதற்கோ சாட்சியே இல்லையாம். திங்கட்கிழமை மேல்முறையீட்டு விசாரணை. அதோடு கதவை அடைத்துவிடுவார்கள்.

"கூட யாரு இருக்கா?" முன்னாள் படைவீரர் சங்கத்து வக்கீல் அவருடைய நல்ல காதுப் பக்கம் குனிந்து கேட்டார்.

"யாருமில்ல."

"அப்போ நீங்க அலறுறது உங்களுக்கு எப்படித் தெரியும்?"

"லீவுல வந்தப்போ பொண்டாட்டி சொன்னா."

"அவங்கள வரச் சொல்லுங்களேன்."

"நான்தான் அங்க போகணும்." அவர் விரலால் மேலே காட்டினார்.

வக்கீல் தொண்டையைச் செருமிக்கொண்டார். "பக்கத்து வீட்டுல கேட்டுப் பாருங்க."

பக்கத்து வீட்டில் ஒரு தையல்காரி இருந்தாள். மனைவியைப் பறிகொடுத்து, பட்டாளத்தையும் விட்டு அவர் இங்கே குடிவந்த நாளிலிருந்து இருவருக்கும் பேச்சில்லை. மாடிப்படியில் எதிர்ப்பட்டால் முகத்தைத் திருப்பிக்கொள்வாள். தலைக்கனம் பிடித்தவள் என்று அவரும் ஒதுங்கிவிட்டார். இப்போது அவளுடைய வீட்டு வாசலில் போய் நின்று, சொல்ல வந்ததைத் தொடங்கினார்.

"மெதுவாண்ணே, தெருவே திரும்பிப் பாக்குது." அவள் மெஷினை நிறுத்தினாள். "நீங்க கத்துறது எனக்குத் தெரியாதா? முதல்ல கோவத்துல சுவரத் தட்டினேன். அப்புறம் பாவம், முழிச்சுக்கட்டும்னு தட்டினேன். ஒரு தடவையாச்சும் திருப்பித் தட்டினீங்களா? கல்லு மனுசன்னு விட்டுட்டேன்."

"எந்தச் சுவரு?"

அவள் உதட்டில் கவ்வியிருந்த ஊசியை எடுத்தாள். "கேக்கவே இல்லையா?"

திங்கட்கிழமை விசாரணைக்கு, அளவு நாடாவைக் கழுத்திலிருந்து எடுக்கக்கூட மறந்து வந்து நின்றாள். அலறலைப் பற்றிச் சொன்னாள். சுவரைத் தட்டியதையும் சொன்னாள்.

"தட்டினா நிறுத்துவாரா?" என்று கேட்டார் அதிகாரி.

"காதுல விழுந்தாத்தானே சார்? கட்டிலே அந்தச் சுவர ஒட்டித்தான் கிடக்கு."

"எப்போலருந்து இப்படி?"

"குடிவந்ததுலருந்தே. அப்போ இவருக்கு ஒரு முடிகூட நரைக்கல."

அதிகாரி ஓரமாக ஒதுக்கியிருந்த காது மருத்துவரின் தாளை மறுபடி இழுத்துப் படித்தார். அப்புறம் வக்கீலைப் பார்த்துத் தலையசைத்தார். முழங்காலோடு காதும் அலறலும் சேர்ந்து மூன்றும் தேறின.

வீட்டுப் படியேறும்போது அவர் தயங்கி நின்றார். "அம்மா, ஒரு தடவ தட்டிக் காட்டுறியா?"

"பட்டப்பகல்லயா?" அவள் சிரித்துக்கொண்டே உள்ளே போனாள்.

அவர் தன் அறைக்குள் போய்ச் சுவரில் உள்ளங்கையைப் பதித்துக் காத்திருந்தார். சத்தம் எதுவும் வரவில்லை. கையில் மட்டும் மெல்ல ஓர் அதிர்வு வந்தது.

அவர் திருப்பித் தட்டினார், கொஞ்சம் பலமாகவே.