கப்பலுக்கு ஒரு புடவை

கட்டில் மேல் இரண்டு பெட்டிகள் வாயைத் திறந்துகொண்டு கிடந்தன. ஞாயிற்றுக்கிழமை. சர்ச்சுக்குப் போய்விட்டு வந்து, கறிக்குழம்பு சாப்பிட்டுவிட்டு, மனுஷராய்ப் பிறந்தவர்கள் கொஞ்சம் கண் அசருகிற நேரம். கத்திரி முடிந்து இருபது நாளாகியும் வெயில் விட்டபாடில்லை. மின்விசிறி சுற்றுகிறது என்று பேர்தான். அந்த நேரத்தில் நானும் என் வீட்டுக்காரர் சத்யராஜும் கம்பளிக் கையுறையை மடித்து வைப்பதா, சுருட்டி வைப்பதா என்று சண்டை போட்டுக்கொண்டிருந்தோம்.

விஷயம் இதுதான். சத்யராஜ் ஓரிக்கையில் டைல்ஸ் கடை வைத்திருக்கிறார். அதிகமாக விற்ற நாற்பது டீலர்களை அவரவர் சம்சாரத்தோடு கம்பெனிக்காரன் நார்வேக்குக் கூட்டிப் போகிறான். ஏழு நாள் கப்பலில். ஜூலை மாதம் அங்கே கோடைக்காலமாம். கோடையிலேயே ஆறு டிகிரி, கூடவே மழையும் காற்றும். கோடையே இந்த லட்சணம் என்றால் அந்த ஊர் ஜனங்கள் குளிர்காலத்தில் என்னதான் பண்ணுவார்களோ! உள்ளே போட தெர்மல் இரண்டு செட், அதன் மேல் ஸ்வெட்டர், அதற்கும் மேல் தண்ணீர் புகாத ஜாக்கெட், கம்பளி சாக்ஸ், வழுக்காத ஷூ என்று ஒரு லிஸ்ட் வேறு அனுப்பியிருந்தான். காஞ்சிபுரத்தில் ஜூன் மாதம் போய் ஸ்வெட்டர் கேட்டுப் பாருங்கள், தெரியும். "கார்த்திகையில வாம்மா, மலைக்குப் போறவங்களுக்கு மங்கி கேப் வரும்" என்றார் ராஜவீதிக் கடைக்காரர். கடைசியில் சென்னைக்குப் போய்தான் எல்லாம் வாங்கினோம். டிரையல் ரூமில் அந்த ஜாக்கெட்டைப் போட்டுப் பார்த்துவிட்டு வெளியே வருவதற்குள் எனக்கு மயக்கமே வந்துவிட்டது.

ஆளுக்கு இருபத்து மூன்று கிலோதான். சத்யராஜ் கடையிலிருந்து தராசைக் கொண்டுவந்து கட்டில் பக்கத்தில் வைத்திருந்தார். பூண்டு ஊறுகாய் அரை கிலோ. "கப்பல்ல மூணு வேளையும் அவனே போடறான், எதுக்குங்க இது?" என்றேன். "அவன் போடறத நீ துன்னுவியா?" என்றார். அது நியாயமான கேள்விதான். ஊறுகாய் உள்ளே போனது. பருப்புப்பொடியும் போனது. தைலம், வெந்நீர் போடுகிற சின்னக் கெட்டில், எனக்கு முட்டிவலி மாத்திரை. அவருடைய இரண்டாவது ஸ்வெட்டரை எடுத்து வெளியே போட்டார். நல்ல பேன்ட் ஒன்றையும் எடுத்துப் போட்டார். அவர் பெட்டியில் ஒரு மூலை காலியாக இருந்தது. புடவை ஒன்றை மடித்து வைத்தால் சரியாக இருக்கும், அவ்வளவு இடம்.

"இது எதுக்கு?"

"சும்மா இருக்கட்டும்மா."

எனக்குத் தெரியும். லிஸ்ட்டில் கடைசி வரி, ஐந்தாம் நாள் விருந்து, பெண்கள் பாரம்பரிய உடை. கம்பெனி வாட்ஸப் குரூப்பில் கோயம்புத்தூர் டீலரின் சம்சாரம் எனக்கு ஒரு வாய்ஸ் மெசேஜ் போட்டிருந்தது. "கிரேஸ் அக்கா, நீங்க காஞ்சிபுரமாமுங்க! அன்னைக்கு உங்க பட்டப் பாக்கறதுக்கே நாங்க எல்லாம் காத்துட்டு இருக்கோமுங்க." அந்தப் பொண்ணு வெள்ளையாகத்தான் சொன்னது. அதன்மேல் எனக்குக் கோபம் இல்லை. ஆனால் என்னிடம் ஒரு பட்டுப் புடவைகூடக் கிடையாது. கல்யாணத்துக்கு வெள்ளை ஷிபான். அதற்கப்புறம் பத்தொன்பது வருஷமாகக் காட்டன், சில்க் காட்டன், பூனம், அவ்வளவுதான். சத்யராஜ் வருஷத்துக்கு ஒரு தரம் கேட்பார். நான் வேண்டாம் என்பேன். அவரும் விட்டுவிடுவார். இந்தத் தடவை விடவில்லை.

ஏன் கட்டுவதில்லை என்று கேட்டால் என்ன சொல்ல? பத்து வயதில் நான் தறிக்குப் போனேன். எங்கள் காலனியில் என் வயசுப் பிள்ளைகள் பாதிப் பேர் போனார்கள். பிள்ளையார்பாளையத்தில் பஞ்சாட்சரம் என்று ஒருத்தர் வீடு. உடல் ஒரு நிறமும் கரை ஒரு நிறமுமாக வருகிற கோர்வைப் புடவை ஒருத்தராக நெய்ய முடியாது. உடலும் வலப்பக்கத்துக் கரையும் நெய்கிறவர் பார்த்துக்கொள்வார். இடப்பக்கத்துக் கரைக்கு மட்டும் நூல் ஓட்டத் தனியாக ஒரு நாடா உண்டு, அதைத் தள்ளி, உடல் நூலும் கரை நூலும் ஒவ்வொரு இழைக்கும் கோர்த்துக்கொள்கிறதா என்று பார்க்க இன்னொரு ஆள் வேண்டும். அந்த ஆள் நான். காலை ஏழு மணிக்கு உட்கார்ந்தால் விளக்கு வைக்கிற வரைக்கும். அந்த வீட்டில் எனக்கென்று தனி டம்ளர், பின்கட்டில் ஒரு ஆணியில் மாட்டியிருக்கும். நான் தொட்டு நெய்தது மட்டும் கல்யாணப் பொண்ணு இடுப்புக்கும் அம்மன் இடுப்புக்கும் போகும். பட்டுக்குத் தீட்டு கிடையாதுபோல! இரண்டு வருஷம் கழித்து சர்க்காரில் வந்து பிள்ளைகளை எழுப்பிக் கூட்டிக்கொண்டு போய் ஸ்கூலில் போட்டார்கள். பத்தாவது வரைக்கும் படித்தேன். அதெல்லாம் முடிந்த கதை. ஆனால் இன்றைக்கும் யாராவது பட்டுக் கட்டிக்கொண்டு எதிரே வந்தால் எல்லாரும் புடவையைப் பார்ப்பார்கள், என் கண் இடப்பக்கத்துக் கரைக்குப் போய்விடும். அங்கே ஒரு பிள்ளை உட்கார்ந்திருக்கும். கட்டிக்கொண்டு எப்படி நான் விருந்து சாப்பிட?

மறுநாள் சத்யராஜ் வற்புறுத்தி காந்தி ரோட்டில் ஒரு கடைக்குக் கூட்டிப்போனார். விரிப்பில் உட்கார வைத்து, குடிக்கக் கலர் கொடுத்து, ஒவ்வொன்றாக விரித்துப் போட்டார்கள். நல்ல புடவைகள்தான். நான் இடது கையால் ஓரத்தைப் பிடித்துக் கோர்வையைத் தடவிக்கொண்டே வந்தேன். விற்கிற பெண் பார்த்துவிட்டாள். "நெய்றவங்க வீடாம்மா?" என்றாள். இல்லை என்றேன். "இப்பல்லாம் புருஷனும் பொண்டாட்டியுமா உக்காந்து நெய்றாங்கம்மா, சின்னப் புள்ளைங்க யாரும் இல்ல" என்று அவளாகவே சொன்னாள். நான் கேட்கவே இல்லை. அவள் சொன்னது உண்மை என்று எனக்கும் தெரியும், ஆனாலும் எழுந்துவிட்டேன். விரித்துப் போட்ட பதினாலு புடவையையும் அப்படியே விட்டுவிட்டு வந்தோம். சத்யராஜ் அவர்களிடம் ஏதோ மன்னிப்புக் கேட்கிற மாதிரி சிரித்துக்கொண்டே பின்னால் வந்தார்.

வண்டி ரங்கசாமி குளத்தைத் தாண்டியது. சத்யராஜ் திரும்பிப் பார்க்காமலே சொன்னார்.

"போன வருசம் சென்னை மீட்டிங்குல ஒருத்தன் கேட்டான். இன்னா சார், காஞ்சிபுரத்துல இருந்துக்கினு மேடம் பட்டு கட்டலயான்னு. கேட்டுட்டு, சட்டையில குத்தியிருந்த என் பேரப் பார்த்தான், அந்தாண்ட நின்ன உன் பொடவையில உன் பேரப் பார்த்தான். 'ஓ... சரி சரி'ன்னான்."

வண்டியின் வேகத்தைக் குறைத்தார்.

"அந்த 'சரி சரி' இருக்குதே கிரேஸு, அது எனக்கு இன்னும் காதுலயே இருக்குது. அவனும் இந்தக் கப்பல்ல வரான். ஒரே ஒரு நாளு. எனக்கோசரம்."

இந்த மனுஷன் என்னிடம் எதையும் இப்படிக் கேட்டதில்லை. கட்டினால் எனக்கு வலி, கட்டாவிட்டால் அவருக்கு. கப்பலும் வேண்டாம் கிப்பலும் வேண்டாம் என்று சொல்லிவிடலாம் போல இருந்தது.

வியாழக்கிழமை காலையில் கலைவாணி வந்தாள். பஞ்சாட்சரத்தின் மகள். எனக்கும் அவளுக்கும் ஒரே வயசு. நான் தறியில் உட்கார்ந்த வருஷம் அவள் ஐந்தாவது படித்தாள். இப்போது டீச்சர். பஸ் ஸ்டாண்டில் பார்த்தால் சிரித்துக்கொள்வோம், அதற்கு மேல் இல்லை. புது வீட்டு பாத்ரூமுக்கு டைல்ஸ் பார்க்க எங்கள் கடைக்குப் போயிருக்கிறாள். சத்யராஜ் வாய் சும்மா இருக்குமா? கப்பல், விருந்து, புடவை எல்லாவற்றையும் கொட்டியிருக்கிறார். கையில் ஒரு துணிப்பையோடு வந்து சோபாவில் உட்கார்ந்தாள். தண்ணீர் கொடுத்தேன். குடித்தாள்.

பையிலிருந்து எடுத்து வைத்தாள். மாம்பழ நிறம், அரக்குக் கரை. மடிப்பைப் பிரிக்காமலே எனக்கு அடையாளம் தெரிந்துவிட்டது.

"எங்கம்மா குடுத்தனுப்பிச்சாங்க கிரேஸு. நீ கரை தள்ளினதுதானே இது? ஞாபகம் இருக்குதா?"

ஞாபகம் இல்லாமலா? இடப்பக்கத்துக் கரையில் ஓரிடத்தில், இரண்டு விரல் நீளத்துக்கு, உடலும் கரையும் கோர்க்காமல் பிரிந்து இருக்கும். நெய்து சுருட்டினதற்கு அப்புறம்தான் பஞ்சாட்சரம் கண்டுபிடித்தார். நூல் கொடுத்து நெய்யச் சொன்ன முதலாளி வாங்க மாட்டேன் என்று தள்ளிவிட்டார். புடவை வீட்டிலேயே தங்கிவிட்டது. என் முதுகில் ஒன்று விழுந்தது.

"அம்மா ரொம்ப வருசம் கட்டினாங்க. அந்த எடத்த மட்டும் இடுப்புல சொருகிடுவாங்க, வெளிய தெரியாது. விசயத்தச் சொன்னதும் ஒரே சிரிப்பு அவங்களுக்கு. அந்தத் தூங்குமூஞ்சிப் பொண்ணு கப்பல்ல போவுதாமேன்னு..."

அவளும் சிரித்தாள். கெட்ட எண்ணம் ஒன்றும் கிடையாது. எனக்குத்தான் உச்சந்தலை வரைக்கும் சூடு ஏறியது.

"நான் தூங்கல, கலை."

"இன்னா?"

"அன்னிக்கு நான் தூங்கல. நீ தூணுல சாஞ்சிக்கினு பாடம் படிச்சிக்கினு இருந்த."

சத்தமாகப் படித்தால்தான் படிப்பு என்று அவள் அம்மாவுக்கு ஒரு நம்பிக்கை. லீவு நாளில் கூடத்துத் தூணில் சாய்ந்துகொண்டு தெருவுக்கே கேட்கிற மாதிரி படிப்பாள். அதுதான் எனக்குப் பள்ளிக்கூடம். ஆறு, மலை, ராஜாக்கள், வாய்ப்பாடு எல்லாம் காதாலேயே படித்தேன். அன்றைக்கு உலகத்தின் வடகோடியைப் பற்றிய பாடம். கோடையில் அங்கே சூரியனே அஸ்தமிக்காது, நடு ராத்திரியிலும் வெளிச்சமாகவே இருக்கும் என்று படித்தாள். எனக்குக் கை நின்றுவிட்டது. ராத்திரியே வராவிட்டால் அந்த ஊர்ப் பிள்ளைகளைத் தறியிலிருந்து எப்போது எழுந்திருக்கச் சொல்வார்கள் என்று யோசித்துக்கொண்டிருந்தேன். நாடாவைத் தள்ளினேன், கோர்க்க மறந்துவிட்டேன். இப்போது நாங்கள் போகிற ஊரும் அதுவேதான். கதை விடுகிறேன் என்று நினைத்தால் நினைத்துக்கொள்ளுங்கள்.

இதையெல்லாம் கலைவாணியிடம் சொன்னேன்.

"அப்ப அப்பா அடிச்சப்போ ஏன் சொல்லல?"

"சொன்னா உன்ன உள் ரூமுக்கு அனுப்பிடுவாரு. அப்புறம் நான் எங்க போய்ப் பாடம் கேப்பேன்?"

அவள் புடவையைப் பார்த்துக்கொண்டே இருந்தாள். "எனக்கு அந்தப் பாடமே ஞாபகம் இல்ல கிரேஸு" என்றாள். அவள் கண் கலங்கியிருந்தது. நான் ஆறுதல் சொல்லவில்லை. சொல்லவும் தோன்றவில்லை.

போகும்போது வாசலில் செருப்பை மாட்டிக்கொண்டே, "அம்மாகிட்ட சொல்றேன்" என்றாள்.

"சொல்லு. இன்னிக்கே சொல்லு. உங்கப்பாகிட்டயும் சொல்லு."

சரி என்று தலையாட்டிவிட்டுப் போனாள். புடவை சோபாவிலேயே இருந்தது.

மத்தியானம் சத்யராஜ் சாப்பிட வந்தபோது நான் தெர்மலைப் போட்டுக்கொண்டு, அதன் மேல் அந்தப் புடவையைச் சுற்றிக்கொண்டு, பீரோ கண்ணாடி முன்னால் நின்றிருந்தேன். அந்தக் குளிருக்கு வெறும் ரவிக்கைத் துணி தாங்காது, தெர்மல் மேலேயே கட்டினால் எப்படி இருக்கும் என்று பார்க்கத்தான். அந்த நேரம் பார்த்து கரண்ட் போனது. காஞ்சிபுரத்து ஜூன் மாத மத்தியானத்தில், கழுத்திலிருந்து மணிக்கட்டு வரைக்கும் சாம்பல் நிறத் தெர்மல், மேலே பட்டு. வேர்வை காதோரமாக வழிந்து கழுத்துக்குள் இறங்கியது. அவருக்கு முகம் முழுக்கச் சிரிப்பு. எங்கிருந்து வந்தது, யார் கொடுத்தது என்று எல்லாவற்றையும் சொன்னேன். பாடத்தையும் சொன்னேன். சிரிப்பு போய்விட்டது. பக்கத்தில் வந்து, என் தலையில் ஒரு தரம் கை வைத்து எடுத்தார்.

"கொசுவம் புடிங்க" என்றேன்.

முட்டி போட்டு உட்கார்ந்து ஒவ்வொன்றாக எடுத்துக் கொடுத்தார். ஆறு கொசுவம் ஆனதும் பிரிந்த இடம் வெளியே நின்றது, வலது விலாவுக்கு மேலே, மறைக்க முடியாத இடத்தில்.

"இன்னும் ஒரு கொசுவம் வச்சா உள்ள பூடும்மா. கலைவாணியோட அம்மா அப்படித்தானே கட்டும்?"

"தெரியுது. வேணாம். ஆறே போதும்."

அவர் அண்ணாந்து என்னைப் பார்த்தார்.

"அவன் பார்ப்பான், கிரேஸு."

"பார்க்கட்டும்."

"கிழிஞ்ச பொடவைய கட்டிக்கினு வந்துட்டாங்கன்னு சொல்லுவான்."

"கேட்டான்னா அது எப்படிப் பிரிஞ்சுதுன்னு நான் சொல்றேன். நீங்க ஒண்ணும் சொல்ல வேணாம். பக்கத்துல நில்லுங்க போதும்."

ஏழாவது கொசுவத்துக்கான துணி அவர் இரண்டு விரலுக்கு நடுவில் இருந்தது. அதை அவர் மடிக்கவில்லை, விடவும் இல்லை. வெளியே எங்கேயோ குல்ஃபி வண்டி மணி அடித்துக்கொண்டு போனது. நான் மூச்சை இழுத்தபோது விலாவின் மேல் அந்த இரண்டு விரல் நீளம் திறந்தது, அரக்குக்கும் மஞ்சளுக்கும் நடுவில் சாம்பல் நிறம் தெரிந்தது. மூச்சை விட்டதும் மூடிக்கொண்டது.