சாம்பிள் என்று வந்த படங்கள்

ரவி அண்ணன் மவுஸை ஒரு தட்டு தட்டியதும் மெயில்கள் இடம் மாறின. கனமானவை மேலேயும் லேசானவை கீழேயுமாக நின்றன. மேலே நின்றவை எல்லாவற்றுக்கும் ஒரே தலைப்பு: சாம்பிள்.

பம்மலில் தோல் பை தைத்து வெளிநாட்டுக்கு அனுப்பும் கம்பெனி எங்களுடையது. பத்தாவதோடு நின்றுவிட்ட என்னை மெயில் பார்க்க வைத்திருந்தார் முதலாளி ஜெபராஜ் சார். காலையிலிருந்து ஒரு மெயில்கூட வரவுமில்லை, போகவுமில்லை. மெயில் ஃபைல் இரண்டு ஜி.பி.யைத் தொட்டுவிட்டது, இனி உள்ளே இடமில்லை என்றார் பழுது பார்க்க வந்த ரவி அண்ணன்.

"எதத் தின்னு இப்படி ஊதிக் கெடக்கு?" என்றார் சார்.

"போட்டோங்க சார். ஒண்ணொண்ணும் நாலு எம்.பி., அஞ்சு எம்.பி."

"பழைய சாம்பிள்தானே? எல்லாத்தையும் தூக்குப்பா."

அவற்றில் பாதி தோல் பை அல்ல. என் அக்கா தபீதாளின் குழந்தை.

அக்கா வீட்டை எதிர்த்துக் கோபு அத்தானைக் கட்டிக்கொண்டு மஸ்கட் போனதிலிருந்து வீட்டில் அவள் பெயரை எடுக்கக் கூடாது. கடிதம் வந்தால் அப்பா பிரிக்காமலே கிழித்துவிடுவார். அதனால் கம்பெனி மெயிலுக்கு எழுதினாள். தலைப்பில் சாம்பிள் என்று போடச் சொன்னது நான்தான். ஜெபராஜ் சாரும் அப்பாவும் ஒரே சர்ச் கமிட்டி. அவருக்குத் தெரிந்தால் அன்றைக்கே அப்பாவுக்குத் தெரியும்.

இரவல் கேமராவில் எடுத்ததை அப்படியே அனுப்பிவிடுவாள் அக்கா. சின்னதாக்க அவளுக்குத் தெரியாது. கேமராவுக்குச் சொந்தக்காரர் அங்கே அழித்துவிடுவார்; இங்கே வந்ததுதான் மிச்சம். சார் இல்லாத நேரம் பார்த்து இங்கே திறப்பேன். திரை முழுக்க ஒரு கன்னம் மட்டும் நிறைந்திருக்கும். கீழே இழுத்தால் வாய். இன்னும் இழுத்தால் கழுத்து மடிப்பில் பால் வழிந்த தடம். ஊர் சுற்றுவதுபோல அவன்மேல் சுற்றி வருவேன். முழுப் பிள்ளையை ஒரே பார்வையில் பார்த்ததேயில்லை.

சாருக்கு போன் வந்தது. பேசிக்கொண்டே வெளியே போனார்.

"அண்ணா, ஒண்ணே ஒண்ண மட்டும் வுட்டுடுங்க."

ரவி அண்ணன் நான் காட்டியதைத் திறந்தார். "இன்னாமா இது, தோல் பைக்குக் கன்னம் மொளச்சிகீது?" என்று சிரித்தவர், என் முகத்தைப் பார்த்து நிறுத்தினார். "யாரு இது?"

"அக்கா பையன். சாருக்குத் தெரியக் கூடாது."

படத்தை மூடிவிட்டுக் குரலைத் தாழ்த்தினார். "இப்டியே வுட்டா மறுபடி மேலதான் வந்து நிக்கும். சுண்டைக்காயாட்டம் சுருக்கிடறேன். கடைசிக்குப் போய்டும், எவனும் பாக்க மாட்டான். சரியா?"

தலையாட்டினேன். மற்றவை போயின. குப்புற விழுந்தது, பல் முளைத்தது, மொட்டை போட்டது. "அழிச்சா மட்டும் ஃபைல் எளைக்காதுமா. அந்த எடம் காலியா அப்டியே கெடக்கும். இறுக்கணும்" என்று வேறெதையோ அழுத்தினார். ஒரு பட்டை மெல்ல நிரம்பியது. நிரம்பாமல் நிற்காதா என்றிருந்தது. ஃபைல் பாதியாகிவிட்டது. சார் வந்து அவர் தோளில் தட்டினார்.

சுருங்கிய படம் கடைசியில் இருந்தது. முதல்முறையாக முழுசாகப் பார்த்தேன். கட்டிலைப் பிடித்துக்கொண்டு நிற்கிறான்! ஆனால் முகம் கடுகளவு. யார் சாடை என்றே தெரியவில்லை. அம்மாவுக்குக் காட்ட வேண்டும் என்று அன்றைக்குத்தான் துணிச்சல் வந்தது. சார் கிளம்பியபின் முகத்தை மட்டும் தாள் முழுக்க இழுத்துப் பெரிதாக்கி பிரிண்ட் எடுத்தேன். சாம்பல் நிறத்தில் வெறும் கட்டங்கள் வந்தன. மடித்து டிபன் பையில் வைத்தேன்.

வீட்டில் அப்பா இல்லை. அம்மா அடுப்படியில் மீன் கழுவிக்கொண்டிருந்தாள்.

"இன்னாடி இது, கட்டம் கட்டமா? பொடவ டிசைனா?"

"அக்கா பையன்மா."

அம்மாவின் கை நின்றது. திட்டுவாள் என்று நினைத்தேன். வாசல் பக்கம் ஒருமுறை பார்த்துக்கொண்டு, தாளுக்கு மிக அருகில் குனிந்தாள்.

"மூஞ்சி எங்கடி?"

"கிட்டப் பாத்தா தெரியாதும்மா. கொஞ்சம் எட்டப் போ."

ஜன்னல் கம்பியில் தாளை அழுத்திப் பிடித்தேன். அம்மா பின்னால் நகர்ந்தாள். அரிசி டின்னில் இடித்துக்கொண்டாள். விலகி இன்னும் நகர்ந்தாள்.

"கண்ணு வருது" என்றாள். பிறகு, "ஐயோ, மூக்கு."

அடுப்படி அவ்வளவுதான், முடிந்துவிட்டது. அவள் முதுகுப் பக்கம் பின்கதவு திறந்திருந்தது. "ஆட்டாம புடிடி, இன்னும் கொஞ்சம்" என்றபடி, செதில் ஒட்டிய ஈரக் கைகளை இரண்டு பக்கமும் விரித்துக்கொண்டு, படியைக் குதிகாலால் தடவிப் பார்த்து வெளியே இறங்கினாள். தாளிலிருந்து கண்ணை எடுக்காமல் பின்பக்கமாகவே நடந்து போய்க்கொண்டிருந்தாள்.